யாருக்குப் புரியாது?

"அது அவார்டு படம்பா. நம்ம ஏரியாவுல ஓடாது."

வடசென்னையின் காலடிப்பேட்டையில் வளர்ந்த எவரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. டீக்கடையில் பேப்பரின் சினிமா பக்கத்தைப் புரட்டுகிறவர் சொல்வார். ஷேர் ஆட்டோவுக்கு நின்றபடி எதிர்ச் சுவரின் போஸ்டரைப் பார்க்கிறவர் சொல்வார். 2024 ஆகஸ்டில் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' வெளிவந்தபோது திரைத்துறைக்குள்ளிருந்தே இந்தக் குரல் எழுந்தது. பெர்லினுக்குப் போகட்டும், விருது வாங்கட்டும், பிறகு ஓடிடியில் வரட்டும். தியேட்டருக்குக் கொண்டுவந்து, காசு கொடுத்து வருகிற சாதாரண ரசிகனை ஏன் வதைக்க வேண்டும் என்பது அந்த வாதத்தின் சாரம். பின்னணி இசை இல்லை, முடிவு இன்னதென்று சொல்லாமல் படம் நின்றுவிடுகிறது, உழைத்துக் களைத்து வருகிறவனுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும் என்றார்கள்.

இந்த வாதத்துக்கு ஒரு கூடப்பிறந்த வாதமும் உண்டு. அது நகரத்தின் தென்பக்கத்தில், திரைப்பட விழாக்களின் இடைவேளைகளில் பேசப்படுவது. தமிழனுக்கு ரசனை கிடையாது, மலையாளியைப் பார், வங்காளியைப் பார் என்று போகும். முன்னது எங்கள்மேல் இரக்கப்படுகிறது. பின்னது எங்கள்மேல் சலித்துக்கொள்கிறது. கடைசியில் இரண்டும் ஒரே தீர்ப்பைத்தான் எழுதுகின்றன: நல்ல படம் வேறு ஆட்களுக்கானது, எண்ணூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் வாழ்கிற சனத்துக்கு அது வேண்டாம். இந்தத் தீர்ப்பு பொய். எங்களைக் கேட்காமலே எழுதப்பட்ட பொய்.

எங்கள் தெருவில் ஒரு மொட்டை மாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு, இரவல் வாங்கிய புரொஜெக்டரை ஸ்டூல்மேல் வைத்து, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' போட்டோம். 1948-ல் வந்த இத்தாலியப் படம். கறுப்பு வெள்ளை. பாய் விரித்து முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். லேத் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், தெருவில் மீன் விற்கிற ஆயா ஒருவர், கைக்குழந்தையோடு இரண்டு பெண்கள், மீதிப் பேர் பெரும்பாலும் பிளஸ் டூ பையன்கள். தமிழில் சப்டைட்டில் இல்லை. அதனால் நான் முன்னால் உட்கார்ந்து வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

நெடுநாள் வேலையில்லாமல் இருந்தவனுக்கு ஒரு வேலை வருகிறது. சுவரில் போஸ்டர் ஒட்டுகிற வேலை. சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகில் இருக்கிறது. அவன் மனைவி கட்டில் விரிப்புகளை உருவுகிறாள், துவைக்கிறாள், மூட்டை கட்டி அடகுக்கடைக்குக் கொண்டுபோகிறாள். பணம் கைக்கு வந்துவிட்டது. சைக்கிளை மீட்கும்போது உள்ளே பார்க்கிறான். கடை ஆள் அவர்களுடைய மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுக்கில் கால்வைத்து ஏறுகிறான். ஏறிக்கொண்டே இருக்கிறான். கூரைவரைக்கும் மூட்டைகள். ஒவ்வொரு மூட்டையும் ஒரு வீட்டின் படுக்கை. அந்த இடத்தில் சொல்வதற்கு எனக்கு வசனம் ஏதும் இல்லை. மாடியில் சலசலப்பு நின்றுபோயிருந்தது. ஆயாதான் சொன்னார்: "இம்மாம் பேர் ஊட்டுது கீதே."

அதற்குப் பிறகும் நான் மொழிபெயர்க்கப் போனேன். பெரியவர் என் தோளைத் தொட்டு, "தம்பி, நீ கொஞ்சம் கம்முனு இரு. பாத்துக்கினுதானே கீறோம்" என்றார். மீதிப் படம் முழுக்க இத்தாலிய மொழியில் ஓடியது. ஒருவரும் எழுந்து போகவில்லை. மீட்ட சைக்கிள் திருடுபோய், கடைசியில் வேறு வழியில்லாமல் அப்பனே ஒரு சைக்கிளைத் திருட, தெருவே துரத்திப் பிடித்து அறைகிறது. மகன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பிறகு கூட்டத்துக்குள் நடந்துபோகும்போது அந்தப் பையன் அப்பன் கையைப் பிடித்துக்கொள்கிறான். படம் முடிந்தது. வேலை நிலைத்ததா, சைக்கிள் திரும்பி வந்ததா, எதையும் டி சிகா சொல்லவில்லை. மறுநாள் காலையில் டீக்கடையில் அதே பெரியவர் இன்னொருவரிடம், சைக்கிள்காரன் போலீசுக்குப் போகாமல் விட்டது சரியா தப்பா என்று வாதாடிக்கொண்டிருந்தார். முடிவு சொல்லப்படாததைக் குறையாக யாரும் பேசவில்லை. சொல்லாமல் விட்ட முடிவைத்தான் அவர்கள் ஒரு காலை முழுக்கப் பேசினார்கள்.

அந்த அப்பனாக நடித்தவர் லம்பர்ட்டோ மஜ்ஜோராணி. நடிகரே இல்லை. ரோமில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி, டர்னர். ஹாலிவுட் தயாரிப்பாளர் செல்ஸ்னிக், கேரி கிராண்ட் என்ற நட்சத்திரத்தைப் போட்டால் பணம் தருகிறேன் என்றதற்கு டி சிகா மறுத்துவிட்டு, லேத் ஓட்டிய கைகளைத் தேடிப் பிடித்தார். படத்துக்குப் பிறகு மஜ்ஜோராணிக்கு அந்தத் தொழிற்சாலை வேலையும் போயிற்று. இதை நான் சொன்னபோது எங்கள் பெரியவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. உலகமே தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற படத்தின் நாயகன் தன் தொழில்காரன் என்பது எழுபது வயதுவரை அவருக்கு யாரும் சொல்லாத செய்தி. திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிளும் டயரும், எண்ணூரில் லாரியும் செய்த தலைமுறைகள் இங்கே இருக்கின்றன. அவர்களைப் பார்த்து 'இது உங்களுக்குப் புரியாது' என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்?

சினிமாவின் பிறப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1895-ல் லூமியேர் சகோதரர்கள் திரையிட்ட படங்களில் ஒன்று, அவர்களுடைய தொழிற்சாலையின் கதவு திறந்து தொழிலாளர்கள் வெளியே வருவது. ஒரு நிமிடம்கூட ஓடாது. ஆண்கள், பெண்கள், ஒரு நாய், சைக்கிள்கள். சங்கு ஊதியதும் கேட்டைத் தாண்டி வருகிற கூட்டத்தை வாழ்நாள் முழுக்கப் பார்த்த ஊர் எங்களுடையது. திரையில் முதன்முதலில் நடந்து வந்தவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான்.

தமிழ்நாட்டுக்குச் சினிமா வந்த வழியும் அப்படியே. 1905-ல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். அவர் காட்டியவை வெளிநாட்டு மௌனப் படங்கள். மொழி கிடையாது, பாட்டு கிடையாது, தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. மண்ணில் குந்தி அவற்றைப் பார்த்தவர்கள் ஏர் பிடித்தவர்கள், கூலிவேலை செய்தவர்கள். சென்னையில் ரகுபதி வெங்கையா மவுண்ட் ரோட்டில் கெயிட்டி கட்டியதோடு நிற்காமல், மின்ட் தெருவில் கிரவுன் தியேட்டரையும் கட்டினார். அது வடசென்னையின் வாசல். நூறு ஆண்டுக்கு முன்னால் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து உலகத்துப் படங்களைப் பார்த்த சனத்தின் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது உலகப் படம் புரியாது என்கிறார்கள். இடையில் என்ன நடந்தது என்று கேட்கவேண்டியது அப்படிச் சொல்கிறவர்களிடம்தான்.

'மெதுவாகப் போகிறது' என்ற குற்றச்சாட்டு எனக்கு மிகவும் வியப்பாக இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்த மண் இது. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வான் என்று தெரிந்தவர்கள், அந்த நேரத்தைக் கண் கொட்டாமல் பார்த்தவர்கள், ஒன்றரை மணி நேரப் படத்தில் பொறுமை இழந்துவிடுவார்களா? களைத்தவன் வேகத்தைத்தான் கேட்பான் என்பது களைப்பை அறியாதவர்களின் ஊகம். எட்டு மணி நேரம் கன்வேயரின் வேகத்துக்கு ஓடியவனுக்கு நின்று பார்க்க ஒரு இடம் தேவைப்படும். சண்டைப் படம் பார்க்காதே என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நானும் முதல் நாள் முதல் காட்சிக்கு விசில் அடித்தவன்தான். அது ஒன்றுதான் அவனுக்குத் தகும் என்று அளந்து கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

மொழியைக் காரணம் காட்டுகிறவர்கள் லூக்கினோ விஸ்கோன்ட்டியின் 'லா டெர்ரா ட்ரேமா'வைப் பார்க்க வேண்டும். இதுவும் 1948-ல் வந்தது. சிசிலித் தீவில் ஆச்சி ட்ரெட்சா என்ற மீனவர் ஊர். நடித்தவர்கள் அந்த ஊர் மீனவர்கள்; பேசியது அவர்களுடைய பேச்சுமொழி. அது இத்தாலியின் மற்றப் பகுதிக்காரர்களுக்கே விளங்காது என்பதால் பின்னணியில் இத்தாலிய விளக்கவுரை சேர்க்க வேண்டியிருந்தது. கதை என்ன? ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து பிடித்துவந்த மீனுக்குக் கரையில் நிற்கிற மொத்த வியாபாரி விலை சொல்கிறான். அந்த விலைக்குக் கட்டுப்பட மறுத்து ஒரு குடும்பம் வீட்டை அடமானம் வைத்துத் தனியாகத் தொழில் தொடங்குகிறது. வலை நிறைய நெத்திலி வருகிறது. வீடே கூடி உட்கார்ந்து பீப்பாய்களில் உப்புப் போட்டு அடுக்குகிறார்கள். பிறகு ஒரு புயல், படகு போகிறது. உப்புப் போட்ட நெத்திலியை அதே வியாபாரிக்கு அவன் சொன்ன விலைக்கே விற்கவேண்டி வருகிறது.

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தைப் பார்த்த ஒருவருக்கு, திருவொற்றியூர் குப்பங்களில் படகுக் கடன் என்றால் என்னவென்று தெரிந்த ஒருவருக்கு, இந்தப் படத்தில் எது புரியாது? திரைப்பட விழாவில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறவரைவிட எங்கள் மீன்கார ஆயாவுக்கு நான்கு விஷயம் கூடுதலாகவே புரியும். நெத்திலிக்கு உப்பு எவ்வளவு போட வேண்டும் என்பது அதில் ஒன்று.

எங்கள் பேட்டையின் பெயரை நினைத்துப் பாருங்கள். 1717 முதல் 1720 வரை மதராசில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. காலட் பேட்டை. அந்த ஆங்கிலப் பெயரைச் சனங்கள் வாயில் போட்டு மென்று காலடிப்பேட்டை ஆக்கிக்கொண்டார்கள். இன்று மெட்ரோ நிலையத்தின் பலகையிலும் அதுதான் பெயர். ஒரு கவர்னரையே தமிழாக்கிக்கொண்டவர்களுக்கு டி சிகாவும் விஸ்கோன்ட்டியும் அந்நியர்கள் இல்லை.

வெளிநாட்டை விடுங்கள். தமிழில் எடுக்கப்பட்ட நல்ல படங்கள் யாரைப் பற்றியவை? 1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' தொழிலாளர் வாழ்க்கையைக் கதையாக எடுத்துக்கொண்ட படம். இயக்கியவர் நிமாய் கோஷ். வங்கத்தில் பிரிவினை அகதிகளைப் பற்றி 'சின்னமூல்' எடுத்துவிட்டு மதராசுக்கு வந்து, இங்கே சினிமாத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்ட உழைத்தவர். இசை எம்.பி. சீனிவாசன். ஜெயகாந்தன் 'உன்னைப்போல் ஒருவன்' எடுத்தபோது அதன் மையத்தில் வைத்தது சேரியில் வாழும் ஒரு சித்தாளையும் அவள் மகனையும். தேசிய விருதுகளில் அங்கீகாரம் பெற்ற அந்தப் படத்தின் பிரதியைப் பார்ப்பதே இன்று அரிது. துரையின் 'பசி' 1979-ல் வந்தது. ரிக்‌ஷாக்காரரின் மகள், குப்பை பொறுக்கும் குப்பம்மாவாக நடித்த ஷோபாவுக்குத் தேசிய விருது. அவர் பேசுவது நம்முடைய மெட்ராஸ் பாஷை.

பாலு மகேந்திராவின் 'வீடு' நடுத்தர வர்க்கத்துப் பெண்ணின் கதை என்று எழுதுவார்கள். சரிதான். ஆனால் கான்ட்ராக்டர் சிமெண்டில் கைவைப்பதைக் கண்டுபிடிப்பது யார்? மங்கம்மா என்ற சித்தாள். படித்த பெண்ணின் கண்ணில் படாதது கலவை சுமந்தவளின் கண்ணில் படுகிறது. கான்ட்ராக்டர் கைவிட்டுப் போன பிறகு கட்டடத்தை முன்னால் நின்று எழுப்புகிறவளும் அவள்தான். இந்தப் படத்தை எங்கள் மாடியில் போட்டபோது கட்டட வேலைக்குப் போகிற பெண்கள் இருவர் வந்திருந்தார்கள். மங்கம்மா வாயைத் திறந்து உண்மையைச் சொல்கிற காட்சியில் அவர்களில் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். உட்காரும்மா, மறைக்குது என்று பின்னாலிருந்து பையன்கள் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

கே. ஹரிஹரனின் 'ஏழாவது மனிதன்' 1982-ல் வந்தது. சிமெண்ட் ஆலையின் தூசு ஊர்மக்களின் நுரையீரலுக்குள் போவதைப் பற்றிய படம், பாரதியின் பாட்டுகள், ரகுவரனின் தொடக்கம். அதை ஏன் எண்ணூரில் ஒருமுறையாவது போடக்கூடாது? அனல்மின் நிலையச் சாம்பலோடு வாழ்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்துச் சனங்கள் அமோனியா நெடிக்கு நடுராத்திரியில் வீட்டை விட்டு ஓடினார்கள். அவர்களுக்கு 'ஏழாவது மனிதன்' புரியாது என்று என் முகத்தைப் பார்த்து யாராவது சொல்லட்டும்.

பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்களின் வாதம் இருப்பதிலேயே வலுவானது. அதை நான் ஒதுக்கவில்லை. தியேட்டர்காரருக்குக் கரண்ட் பில் இருக்கிறது, ஆட்களுக்குச் சம்பளம் இருக்கிறது. தண்டையார்பேட்டை அகஸ்தியா போன்ற பெரிய தியேட்டரே 2020-ல் மூடவேண்டி வந்தது. அப்படிப்பட்ட அரங்கில் வினோத்ராஜின் 'கூழாங்கல்' மாதிரிப் படத்தை வெள்ளிக்கிழமை போட்டால் நிறையாது என்பது உண்மை. ஆனால் எல்லாப் படத்தையும் வெள்ளிக்கிழமை போட்டுத் திங்கட்கிழமை கணக்குப் பார்ப்பது ஒரு வியாபார முறை. அது ரசனையை அளக்கிற தராசு ஆகாது. நல்ல படத்துக்கு மாலுக்குள் பகல் பதினொரு மணிக்கு ஒரு காட்சி தருகிறார்கள். அந்த நேரத்தில் எங்கள் சனம் ஷிப்டில் இருக்கும், கடையில் இருக்கும், கடலில் இருக்கும். இரண்டு நாளில் படத்தைத் தூக்கிவிட்டு, மக்கள் நிராகரித்தார்கள் என்று எழுதுகிறார்கள். காலடிப்பேட்டையில் ரயில் ஏறினால் மாறாமல் ஆயிரம் விளக்கில் இறங்கலாம், 2021-லிருந்து அந்த வசதி இருக்கிறது. வேலை நாளின் பகலில் நடக்கிற விழாவுக்கு ரயில் இருந்து என்ன செய்வது?

ஓடவே ஓடாது என்பதும் உண்மையில்லை. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' 1979-ல் 175 நாள் ஓடியது. சண்டை இல்லை, உரத்த வசனம் இல்லை. 2015-ல் சேரிச் சிறுவர்கள் இருவர் பீட்சாவுக்கு ஏங்குகிற 'காக்கா முட்டை' தியேட்டரில் நன்றாகவே ஓடியது. அந்தப் பார்வையாளர்கள் வேற்றுக் கிரகத்திலிருந்து வரவில்லை.

ரசனை இல்லாதவர்கள் என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேரளத்துக்காரர்கள் ரசனையோடு பிறந்தவர்களில்லை. 1965-ல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் வழியில் ஊர் ஊராகச் சங்கங்கள் முளைத்தன. 1984-ல் ஜான் ஆபிரகாமும் தோழர்களும் ஒடேசா என்ற அமைப்பை உருவாக்கி, சாப்ளினின் 'தி கிட்' படப்பெட்டியோடு கிராமங்களுக்குப் போனார்கள். சனங்களிடம் சில்லறையாகக் காசு திரட்டி 'அம்ம அறியான்' எடுத்தார்கள். அந்த ஜான்தான் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தவர். புரொஜெக்டரைத் தோளில் சுமந்து மக்களிடம் போனவர்களின் பலனை, குளிரூட்டிய அரங்கை விட்டு எழுந்திருக்காதவர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். நண்பர்களே, நீங்கள் எத்தனை முறை ராயபுரத்தைத் தாண்டி வடக்கே வந்திருக்கிறீர்கள்? எங்களுக்கு ரசனை இல்லை என்று தெரிந்துகொள்வதற்காகவாவது ஒரு படத்தைக் கொண்டுவந்து போட்டிருக்கிறீர்களா?

கலைப்படம் என்ற பெயர் ஒட்டிய எல்லாமே நல்ல படம் என்று நான் வாதாடவில்லை. வெறுமையை ஆழம் என்று விற்கிற படங்களை நானும் பார்த்துச் சோர்ந்திருக்கிறேன். மாடியில் அப்படி ஒன்றைப் போட்டு, பாதியில் கூட்டம் கலைந்ததும் உண்டு. அவர்கள் எழுந்துபோனது சரியான தீர்ப்பு என்றே இன்றும் நினைக்கிறேன். பிடிக்கவில்லை என்று எழுந்துபோக ஒருவருக்கு உரிமை உண்டு. பார்ப்பதற்கு முன்பே உனக்குப் பிடிக்காது என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்பட விழா என்று மாதந்தோறும் படம் போடுகிறார்கள். ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகள் வேற்றுமொழிப் படங்களைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு இடம் வேண்டும். பெரிய தியேட்டர் வேண்டாம். திருவொற்றியூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. சமுதாய நலக்கூடங்கள் இருக்கின்றன, பள்ளி மைதானங்கள் இருக்கின்றன, நூலகங்கள் இருக்கின்றன. தொழிற்சங்கங்களுக்கு அலுவலகங்கள் இருக்கின்றன. நிமாய் கோஷையும் எம்.பி. சீனிவாசனையும் தந்த இயக்கங்கள் மாதத்தில் ஒரு மாலை அந்தக் கதவைத் திறந்துவிட்டால் போதும். ஷிப்டு முடிகிற நேரம் பார்த்து ஏழு மணிக்குப் போடுங்கள். தமிழில் சப்டைட்டில் போடுங்கள். படம் முடிந்ததும் மேடையில் ஏறி விளக்கவுரை ஆற்றாதீர்கள்; மைக்கைக் கீழே கொடுங்கள்.

வருகிற ஞாயிறு எங்கள் மாடியில் 'லா டெர்ரா ட்ரேமா'. கொஞ்சம் நீளமான படம், அதனால் ஆறரைக்கே ஆரம்பித்துவிடுவோம். குப்பத்திலிருந்து ஆட்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் படம் எங்களுக்குப் புரியாது என்று இன்னமும் நினைக்கிறவர்கள் அவசியம் வாருங்கள். உட்கார ஒரு பாய் கொண்டுவாருங்கள்.